எட்டு போடுவதற்கு முன்னால் 30 நாள்!

“எட்டு போட்டாச்சா?”

18 வயதைத் தொட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் காலைக் கீழே ஊன்றாமல் எட்டு வடிவத்தில் வண்டியைச் சுற்றிக் காட்டினால் லைசன்ஸ் கைக்கு வந்துவிடும். அதனால் பலருக்கும் அந்த எட்டுதான் முக்கியம். அதற்கு முன் வாங்கும் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் வெறும் ஒரு காகிதம், லைசன்ஸ் வரும்வரை பர்ஸில் மடித்து வைத்திருக்கும் டோக்கன்!

உண்மையில் சட்டம் நினைத்தது வேறு. எல்.எல்.ஆர். கிடைத்த அன்றிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்கே போக முடியும். அந்த 30 நாள் காத்திருப்பதற்காக அல்ல, கற்றுக்கொள்வதற்காக. வண்டி ஓட்டத் தெரிந்த பிறகு வாங்குவதல்ல எல்.எல்.ஆர்.; ஓட்டக் கற்றுக்கொள்ள வாங்குவது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்குச் சில எண்களே போதும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். பைக் கற்றுக்கொள்வது வீட்டு விசேஷம் போலச் சந்தோஷமான விஷயம்தான். அதே நேரத்தில், ஒருவர் வாழ்நாளில் கற்கும் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்றும் அதுதான்.

எல்.எல்.ஆர். வாங்குவது எப்படி?

கடலூர்க்காரர்கள் டி.என்.31, சிதம்பரம்காரர்கள் டி.என்.91. நம்பர் பிளேட்டில் எண் வேறானாலும் நடைமுறை ஒன்றுதான். மத்திய அரசின் ‘பரிவாகன்’ இணையதளத்தில் ‘சாரதி’ பிரிவுக்குள் போனால் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். ஆதாரும், அதோடு இணைந்த செல்போன் எண்ணும் சரியாக இருந்தால், தேர்வையும் வீட்டிலிருந்தே எழுதி எல்.எல்.ஆரைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆதார் வழியாகப் போக விரும்பாதவர்கள் வயது, முகவரிச் சான்றுகளோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தேர்வு எழுதலாம். இணையம் பழக்கமில்லாதவர்களுக்கு இ-சேவை மையங்கள் கைகொடுக்கின்றன.

உடல்தகுதிக்கு ‘படிவம் 1’ என்ற சுய உறுதிமொழி போதும். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் ‘படிவம் 1ஏ’ மருத்துவச் சான்று வாங்க வேண்டும். மத்திய விதிகளின்படி ஒரு வகை வண்டிக்கான பழகுநர் உரிமக் கட்டணம் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. இவ்வளவுதான் செலவு என்று தெரிந்துவைத்துக்கொண்டால், ‘நான் எல்லாம் பார்த்துக்கறேன்’ என்று வருபவர் கேட்கும் தொகை நியாயமா என்பது தானே புரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் ஒரு இடத்தில் யோசித்து டிக் செய்ய வேண்டும். கியர் இல்லாத வண்டியா, கியர் உள்ள வண்டியா? கியர் வண்டியில் தேர்ச்சி பெற்றவர் கியர் இல்லாத வண்டியிலும் தேர்ச்சி பெற்றவராகவே கருதப்படுவார். ஆனால், ஸ்கூட்டரில் மட்டும் எட்டு போட்டு லைசன்ஸ் வாங்கியவர் பைக்கை எடுத்தால், அந்த வண்டிக்கு லைசன்ஸ் இல்லாதவர் என்றே பொருள். வீட்டில் இரண்டு வகை வண்டியும் இருந்தால் கியர் வண்டியிலேயே பழகிவிடுவது நல்லது.

பத்தாவது படிக்கவில்லையே என்ற தயக்கமும் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகன உரிமத்துக்குச் சட்டம் கல்வித் தகுதி எதையும் கேட்கவில்லை.

ரயில்வே கேட் கேள்வி எதற்கு?

எல்.எல்.ஆர். தேர்வில் 60 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேர்ச்சி. சாலைக் குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை... இவைதான் பாடங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விடை சொல்லிக்கொடுக்க, ஐந்து நிமிடத்தில் ‘பாஸ்’ ஆகிவிடுகிற வீடுகளும் இருக்கின்றன.

அந்தக் கேள்விகளில் ஒன்றை மட்டும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 2025 ஜூலை 8 அன்று காலை, கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி, மாணவர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ரயில் பாதை சாலையை ஒட்டியே ஓடுகிறது. பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பினாலே ஏதாவது ஒரு கேட்டைத் தாண்ட வேண்டிவரும்.

ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் ரயில் வரவில்லை என்பதை உறுதி செய்த பிறகே கடக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவு. தேவைப்பட்டால் ஓட்டுநர் இறங்கிப் போயே பார்க்க வேண்டும். கேட் கீப்பர் இருக்கும் இடத்திலும் இந்தப் பழக்கம் உயிர் காக்கும். கேட் திறந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பாமல் ஒரு நொடி நின்று, ஹெட்போனைக் கழற்றி, இடமும் வலமும் பார்த்துவிட்டுப் போகலாம். தேர்வில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. சாலையில் அதன் மதிப்பே வேறு.

எல் போர்டு ஒன்றும் வெட்கம் இல்லை

எல்.எல்.ஆர். வந்ததும் முதல் வேலை, வண்டியின் முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு மாட்டுவது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். காரில் எல் போர்டைப் பார்க்கிறோம். பைக்கில் பார்ப்பது அபூர்வம். ‘பசங்க கிண்டல் பண்ணுவாங்க’ என்று மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

இதைவிட அதிகம் மீறப்படும் விதி இன்னொன்று. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பைக்கில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. சொல்லிக்கொடுப்பதற்காக உட்காரும் லைசன்ஸ் உள்ளவருக்கு மட்டுமே விதிவிலக்கு. தங்கையை டியூஷனில் விடுவதும், நண்பனோடு பிச்சாவரம் போய் வருவதும் லைசன்ஸ் வந்த பிறகுதான்.

‘போலீஸ் பிடிக்கும்’ என்பதைத் தாண்டி இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் வண்டி ஓட்டலாம் என்று இன்சூரன்ஸ் பாலிசி சொல்கிறது. ஆனால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆவது விதியைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த 3ஆவது விதிதான் இந்த எல் போர்டு விதி! எல்.எல்.ஆரும் செல்லத்தக்க உரிமமே என்று 2004ஆம் ஆண்டு நேஷனல் இன்சூரன்ஸ் – ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அப்படி இருக்க, ஒரு அட்டையை மாட்டாமல் விட்டு, விபத்துக் காலத்தில் நிறுவனத்தோடு வாதாடும் நிலையை ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்?

30 நாளில் என்ன பழகலாம்?

முதல் வாரம், வண்டியோடு நட்பு. இன்ஜினை ஆன் செய்யாமலே உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிறதா? இல்லையென்றால் அந்த வண்டி பழகுவதற்கு ஏற்றதல்ல. தள்ளிக்கொண்டு நடப்பது, சென்டர் ஸ்டாண்டு போடுவது, சைடு ஸ்டாண்டை எடுப்பது எல்லாமே பாடம்தான். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு பேலன்ஸ் பாதி வந்துவிட்டது. தெரியாதவர் முதல் ஒரு வாரம் சைக்கிளில் பழகிவிட்டு வந்தால் வேலை சுலபம்.

இன்ஜினை ஆன் செய்ததும் முதலில் கற்க வேண்டியது ஓட்டுவதை அல்ல, நிறுத்துவதை. புதியவர்கள் பதறும்போது கை தானாக ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டர் சுவரில் போய் முட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆளில்லாத மைதானத்தில் மெதுவாகப் போய், கையைத் தளர்த்தி, பிரேக் பிடித்து, காலை ஊன்றி நிற்பதை 50 முறையாவது செய்துவிட வேண்டும். ‘முன் பிரேக்கைத் தொடாதே, விழுந்துடுவே’ என்பது பழைய புத்திமதி. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதிய வண்டிகளில் 125 சி.சி. வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். வசதியும், அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதியும் கட்டாயம். பழகும் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம், கிளட்ச். கியர் வண்டியில் எல்லோரையும் அழவைப்பது இதுதான். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை நூல் நூலாக விட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக இறங்கி, வண்டி முன்னால் நகரத் துடிக்கும். அந்த இடத்தை விரல் மறக்காமல் பிடித்துக்கொண்டால் பாதி பைக் வந்துவிட்டது. வண்டி ‘டக்’கென்று குதித்து நின்றுபோனால் கவலை வேண்டாம், அப்படி நிற்காமல் கற்றுக்கொண்டவர் யாருமில்லை. ரயில்வே மேம்பால ஏற்றம் போன்ற இடத்தில் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவதையும் இந்த வாரத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம், தெரு. கண்ணாடியைப் பார்ப்பது, இண்டிகேட்டர் போடுவது, திரும்பும் முன் தலையைத் திருப்பி ஒருமுறை பார்ப்பது. இண்டிகேட்டரைப் போட மறப்பதைவிட, திரும்பிய பின் அணைக்க மறப்பதுதான் பலருக்கும் வழக்கம். பின்னால் வருபவர் அதை நம்பி முந்துவார். சிதம்பரத்தில் இருப்பவர்களுக்குத் தேரோடும் நான்கு வீதிகளும் நல்ல பள்ளிக்கூடம். ஆனால், விடிகாலையில் மட்டும்! கோயிலுக்கு வருபவர்களும் கடைக்கு வருபவர்களும் நிறைந்த பிறகு அது பழகும் இடமல்ல.

நான்காவது வாரம், இருட்டும் மழையும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணைக் கூசினால் வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். மழை பெய்யத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில்தான் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து அதிகம் வழுக்கும். வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கும் மனதில் இருக்கட்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 16 மீட்டருக்கும் மேல். குறுக்கே ஓடிய ஆட்டைப் பார்த்து ‘ஐயோ’ என்று நினைத்து முடிப்பதற்குள் வண்டி அவ்வளவு தூரம் போயிருக்கும்.

கடலூர் – சிதம்பரம்: அவசரப்படக் கூடாத 45 கிலோமீட்டர்

இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். கொஞ்சம் கை பழகியதும் ‘ஒரு தடவை சிதம்பரம் போய்ட்டு வந்துடலாமா?’ என்ற ஆசை எட்டிப்பார்க்கும். ஆனால் இது தேசிய நெடுஞ்சாலை. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வரும் டேங்கர் லாரிகள், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள், நேரத்தைப் பிடிக்க விரையும் பஸ்கள் எல்லாம் இதில் ஓடும். இரவில் பின்விளக்கு இல்லாமல் போகும் டிராக்டர், கிட்டே போகும்வரை கண்ணுக்கே தெரியாது. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் காயும் நெல்லும் வைக்கோலும் சக்கரத்தை வழுக்கிவிடும். கடற்கரைப் பக்கச் சாலையில் சேரும் மணலும் அப்படியே.

பெரிய வண்டியின் அருகில் ஒரே ஒரு விதி போதும்: அந்த ஓட்டுநரின் கண்ணாடி நமக்குத் தெரியவில்லை என்றால், நாம் அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கம் கிடைத்த சந்தில் நுழைந்து முந்துவது ஒருபோதும் கூடாது. நெடுஞ்சாலைப் பயணத்தை லைசன்ஸ் வந்த பிறகு, பகலில், அனுபவமுள்ள ஒருவரின் வண்டிக்குப் பின்னாலேயே போய்த் தொடங்கலாம்.

புடவையும் துப்பட்டாவும்

வண்டி ஓட்டுவது பெண்களுக்கு வெறும் சவுகரியம் மட்டுமல்ல என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் மிதித்தார்கள். குடத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போகவும், பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதே அன்று அவர்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அதன் அடுத்த அத்தியாயம் 2018இல் வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. விண்ணப்பிக்க எல்.எல்.ஆராவது வேண்டும். மாநிலம் முழுக்க ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். திட்டம் பின்னர் நின்றுபோனது. ஆனால், அன்று வரிசையில் நின்று வாங்கிய உரிமம் அவர்கள் கையில் இருக்கிறது.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போல ஆண்கள் பலரும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்களில், பள்ளி, வங்கி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெண்களின் ஸ்கூட்டர்தான் ஓடுகிறது. 45 வயதில் கற்கத் தொடங்கும் அம்மாக்களுக்கு ஒரே யோசனை: பொறுமையானவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்து ‘பிரேக்... பிரேக்...’ என்று கத்தும் கணவரைவிட, ஏற்கெனவே ஓட்டும் நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ நல்ல வாத்தியார்!

புடவை, துப்பட்டா விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகி, துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்ட பிறகே வண்டியில் ஏற வேண்டும். பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவை விதிப்படி கட்டாயம். அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றி வைப்பது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது போலத்தான்.

பெற்றோர் கவனத்துக்கு!

‘என் பையன் ஒன்பதாவதுலேயே பைக் ஓட்டுவான்’ என்பது பெருமை அல்ல. 16 வயதிலேயே உரிமம் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு விஷயம்: அந்தச் சலுகை 50 சி.சி.க்கு மிகாத வண்டிக்கு மட்டும். நம் ஊரில் எல்லோரும் சாதாரணமாக நினைக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100கூட அந்த அளவைத் தாண்டியது. மற்ற எல்லாவற்றுக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

உரிமம் இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை எல்.எல்.ஆர்.கூடக் கிடைக்காது. பக்கத்துக் கடைக்குப் பால் வாங்க அனுப்பிய ஒரு பயணத்துக்கு இது பெரிய விலை.

ஹெல்மெட்டும் வீட்டிலிருந்தே பழக வேண்டியதுதான். 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். வண்டி வாங்கும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரண்டு ஹெல்மெட் வாங்குங்கள். கன்னத்தை லேசாக அழுத்தும் அளவே சரியான அளவு. கிளிப் போடாத ஹெல்மெட் தலையில் இருந்தும் இல்லாதது போல.

கடைசியாக, எட்டு!

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் முடிந்த பிறகு, அது காலாவதியாகும் முன் தேர்வுக்கு நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டு போடுவதில் மந்திரம் எதுவும் இல்லை. குறைந்த வேகத்தில் இடமும் வலமும் மாறி மாறித் திரும்பும்போது பேலன்ஸ், கிளட்ச், பின் பிரேக், பார்வை நான்கும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் கால் தரைக்கு வந்துவிடும். அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே பார்த்தால், வண்டி பார்வையின் பின்னாலேயே வரும். பாதி கிளட்ச், ஒரே அளவான ஆக்ஸிலரேட்டர், பின் பிரேக்கில் லேசாகக் கால். மைதானத்தில் இரண்டு கல்லை வைத்து தினமும் பத்து முறை சுற்றினால் போதும்.

அன்றைக்குக் கால் ஊன்றிவிட்டாலும் குறையில்லை. 7 நாள் கழித்து மறுபடி தேர்வுக்குப் போகலாம். ஒருமுறை தோற்றவர் இன்னும் ஒரு வாரம் பழகிவிட்டு வருகிறார், அவ்வளவுதான். பழகாமலே லைசன்ஸ் வாங்கியவருக்கோ, முதல் பாடமே லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்தான் தொடங்கும்.